ஹோட்டல் ருசி, வீட்டு அடுப்பு

மும்பை மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலை போனால், நடைபாதையில் ஒரு கூட்டம் நிற்கும். 1940 முதல் அங்கே இருக்கும் கஃபே மெட்ராஸில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் அவர்கள். கூட்டத்தில் பாதி ஜோடி ஜோடியாக வந்தவர்கள். கல்யாணமாகி ஆறு மாதம் ஆனவர்களைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம். உள்ளே உட்கார்ந்ததும் மெனுவை வரிவரியாகப் படிப்பார்கள். முப்பது வருடம் ஆனவர்களுக்கு மெனு வேண்டாம். சர்வர் வந்து நிற்பதற்குள் அவருக்கு ரசவடை, அந்த அம்மாளுக்கு ராகி தோசை என்று முடிவாகியிருக்கும். பாதி சாப்பிட்டதும் தட்டுகள் பேச்சில்லாமல் இடம் மாறும்.

பேச்சு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். "இந்த ரசத்தில் என்ன போட்டிருக்கான்?" என்பார் அவர். "வெல்லம் இருக்கு. தனியா கொஞ்சம் தூக்கல்" என்பார் அந்த அம்மாள். "நம்ம வீட்டில் ஏன் இப்படி வருவதில்லை?" என்ற கேள்வி அடுத்ததாக வரும். அதைக் கேட்கும் தொனியைப் பொறுத்து அந்த ஞாயிற்றுக்கிழமை இனிமையாக முடியலாம், முடியாமலும் போகலாம்.

கணவனும் மனைவியும் வெளியே போய்ச் சேர்ந்து சாப்பிடுவதும், அந்த ருசியை வீட்டு அடுப்பில் தேடுவதும் இன்று சாதாரண நகரச் சந்தோஷங்கள். சாதாரணமாவதற்கு இவை வெகுகாலம் எடுத்துக்கொண்டன. பழைய ஹோட்டல்களின் அமைப்பே அதற்குச் சாட்சி. வடக்குக் கல்கத்தாவின் பழைய சாப்பாட்டுக் கடைகள் பலவற்றின் பெயர் 'கேபின்' என்று முடியும். காலேஜ் தெரு வட்டாரத்தின் தில்குஷா கேபின் அவற்றில் பிரபலமானது. மரத் தடுப்பும் திரைச்சீலையும் போட்டு அடைத்த சிறு அறைகளால் வந்த பெயர் அது. பெண்ணுடன் வருபவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கட்லெட் சாப்பிட்டார்கள். பம்பாயின் இரானி ஓட்டல்களில் 'ஃபேமிலி ரூம்' இருந்தது. தமிழ்நாட்டு, கர்நாடக ஓட்டல்களின் பெயர்ப்பலகையிலும் அதே இரண்டு வார்த்தைகள். பொதுக் கூடத்தில் ஆண்கள் தினசரியை விரித்துக்கொண்டு காபி குடிக்க, குடும்பம் மட்டும் தடுப்புக்கு அப்பால்.

பெண் கண்ணில் படக் கூடாது என்பதோடு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்ன சாதியோ என்ற பயமும் அந்தத் தலைமுறையின் வீட்டுப் பெரியவர்களுக்கு இருந்தது. சென்னையில் ஓட்டல் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்று 1957-ல் பெரியார் திருவல்லிக்கேணியில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. ஆக, ஆணும் பெண்ணும் நடுக்கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரே தோசையைப் பிய்ப்பதற்குள் நாட்டில் பல விஷயங்கள் மாற வேண்டியிருந்தன. பல ஊர்களில் அந்தத் தடுப்பு இன்னும் இருக்கிறது. இப்போது அதன் பெயர் ஏ.சி. ஹால், பிரிப்பது விலை.

ஹோட்டல் ருசி ஏன் வீட்டில் வருவதில்லை என்ற கேள்விக்கு வருவோம். கைப்பக்குவத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தோசையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலில் இருப்பது கனமான பெரிய இரும்புத் தட்டு. மணிக்கணக்கில் அடுப்பின் மேலேயே கிடக்கும். மாவை ஊற்றினால் அதன் சூடு அவ்வளவு சுலபத்தில் இறங்காது. தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் தேய்த்து அதன் சூட்டை வேண்டுமென்றே குறைக்கிறார்கள். வீட்டுக் கல் இதற்கு நேர் எதிர். குளிர்ந்த மாவு விழுந்ததும் தணிந்துவிடும். முதல் தோசை ஒட்டும், இரண்டாவது தேறும், மூன்றாவது நன்றாக வரும்போது மேஜையில் இருப்பவர் "போதும்" என்று எழுந்துவிடுவார். சீன உணவில் வித்தியாசம் இன்னும் அதிகம். அந்த அடுப்பின் தீ வீட்டு கேஸ் அடுப்பைவிடப் பல மடங்கு பெரிது. கோஸும் குடைமிளகாயும் தண்ணீர் விடுவதற்குள் வதங்கி முடிந்திருக்கும். வீட்டு வாணலியில் அவை வெந்து குழையும். தந்தூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். களிமண் சுவரின் தகிப்பையும், இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பு தணலில் விழுந்து எழும் புகையையும் அடுக்கு மாடிக் குடியிருப்பில் எங்கே கொண்டுவருவது?

ஆனாலும் கொண்டுவருகிறார்கள். பட்டர் சிக்கன் ஒரு உதாரணம். பெஷாவரிலிருந்து வந்த குந்தன் லால் குஜ்ரால் பெயரோடும், 1947-ல் டெல்லி தரியாகஞ்சில் தொடங்கிய மோதி மஹல் ஓட்டலோடும் பேசப்படுவது அது. தந்தூரில் சுட்ட கோழி காய்ந்து போகாமல் இருக்கத் தக்காளியும் வெண்ணெயும் சேர்த்த குழம்பில் போட்டார்கள் என்பது அதன் கதை. முதலில் செய்தது யார் என்ற தகராறு 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே போனது. அதற்குள் அந்தக் குழம்பு கோழியை விட்டுவிட்டுப் பன்னீரைப் பிடித்துக்கொண்டு சைவ வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. மயிலாப்பூரிலும் மதுரையிலும் இன்று சமையலறை டப்பாக்களில் காய்ந்த வெந்தயக் கீரை 'கசூரி மேத்தி' என்ற பெயரில் இருக்கிறதென்றால், ஹோட்டலில் உட்கார்ந்து யாரோ இருவர் "என்னமோ ஒரு வாசனை வருதே" என்று மண்டையை உடைத்துக்கொண்டதன் பலன்தான். தணல் வாசனைக்கும் வட இந்திய வீடுகளில் ஒரு உபாயம் உண்டு. பழுக்கக் காய்ந்த ஒரு கரித்துண்டைச் சின்னக் கிண்ணத்தில் வைத்துக் குழம்பின் நடுவே இறக்கி, மேலே ஒரு சொட்டு நெய் விட்டுப் பாத்திரத்தை மூடிவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் குழம்பு முழுக்கப் புகை மணம். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் இடுக்கி பிடிக்க, ஒருவர் மூட. சமையலறையில் கணவனுக்கும் இடம் உண்டு என்று காட்ட இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

ஹோட்டலே வீட்டுக்கு வந்த கதையும் உண்டு. பெங்களூர் எம்.டி.ஆர்., 1924-ல் தொடங்கிய ஓட்டல். இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் ரவையில் இட்லி செய்து பெயர் வாங்கியது. 1975-ல் நெருக்கடி நிலைக் காலத்தில் அரசு ஓட்டல் பண்டங்களின் விலையை இறக்கச் சொன்னபோது, அந்த விலையில் தன் தரத்தில் கொடுக்க முடியாமல் தவித்தது. அந்தச் சமயத்தில்தான் மாவையும் மசாலாவையும் பொட்டலம் கட்டி விற்கும் தொழிலில் இறங்கியது. கூடத்துக்கு வந்து காத்திருந்து சாப்பிட்ட ரவை இட்லி, கத்தரிக்கோலால் பையின் மூலையை வெட்டினால் வீட்டில் தயார். பின்னாளில் பொட்டல வியாபாரம் ஓட்டலைவிடப் பெரிதாக வளர்ந்து, 2007-ல் நார்வே நாட்டு ஓர்க்லா நிறுவனத்தின் கைக்குப் போனது. ஓட்டல் குடும்பத்திடமே இருக்கிறது. அங்கே கூட்டமும் குறையவில்லை. பொட்டலத்தில் வராதது ஏதோ ஒன்று இருக்கிறது என்று பெங்களூர்த் தம்பதிகள் இன்னும் நம்புகிறார்கள்.

மும்பையில் இதே காலத்தில் ஒரு குடும்பத் தலைவி எதிர்த் திசையிலிருந்து வேலையைத் தொடங்கியிருந்தார். புனேயில் பிறந்த தர்லா தலால் 1960-ல் கல்யாணமாகி பம்பாய் வந்தவர். 1966-ல் வீட்டிலேயே சமையல் வகுப்பு ஆரம்பித்தார். 1974-ல் முதல் புத்தகம். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த கணவர் நளினின் நாக்கு கேட்ட விதவிதமான உணவுகளே அவரை இந்தத் துறையில் தள்ளின என்று சொல்வதுண்டு. வகுப்புக்கு வந்த பெண்கள் இத்தாலிய, மெக்சிகப் பண்டங்களைச் சைவமாக, வீட்டில் இருக்கிற பாத்திரத்தில் செய்யக் கற்றுக்கொண்டு போனார்கள். நூற்றுக்கு மேல் புத்தகங்கள் எழுதிய அவருக்கு 2007-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2013-ல் காலமானார். 2023-ல் வந்த அவரைப் பற்றிய இந்திப் படம், புகழ் வளர்ந்த மனைவிக்கும் அலுவலகம் போன கணவருக்கும் இடையில் நடந்ததையே அதிகம் பேசியது. காரணமில்லாமல் இல்லை.

இந்தக் கதைகளிலேயே மிகச் சுவையானது மும்பை பல்லார்ட் எஸ்டேட்டில் நடந்தது. 1923-ல் தொடங்கிய பிரிட்டானியா அண்ட் கோ, அலுவலகக்காரர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடும் பார்சி ஓட்டல். போர்க்காலத்தில் ராணுவம் எடுத்துக்கொண்டு பிறகு திரும்பக் கிடைத்த இடம். அதை நடத்திய போமன் கோஹினூரின் மனைவி பச்சன் இரானில் வேலை பார்த்தவர். அங்கே சாப்பிட்டுப் பழகியது, 'சரேஷ்க்' என்ற புளிப்பான குட்டிச் சிவப்புப் பழம் தூவிய சோறு. 1982-ல் அதை இந்திய நாக்குக்குத் தக்கபடி மசாலாவும் இறைச்சியும் சேர்த்து பெர்ரி புலாவாக மாற்றி ஓட்டலில் அறிமுகப்படுத்தினார். அன்று முதல் பிரிட்டானியா என்றால் அந்தப் புலாவ்தான். பழம் இரானிலிருந்து வர வேண்டும். புலாவ் செய்யும் பக்குவம் வீட்டை விட்டு வெளியே போகாது. தொண்ணூறு வயதைத் தாண்டியும் போமன் மேஜை மேஜையாக வந்து தானே ஆர்டர் எடுத்தார், சாப்பிட வந்தவர்களிடம் கதை பேசினார். 2016-ல் மும்பை வந்த பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம் தம்பதியைச் சந்தித்தபோது பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. 2019-ல் தொண்ணூற்றேழு வயதில் மறைந்தார். அவருடைய படம் எங்கும் வந்தது. பண்டத்தைத் தந்த மனைவியின் பெயரைத் தெரிந்துகொள்ள, கட்டுரையின் நடுவில் ஒரு வரியைத் தேட வேண்டியிருந்தது.

தேட வேண்டியிருக்கும் அந்த ஒரு வரியில்தான் இந்தச் சந்தோஷத்தின் சிக்கல் இருக்கிறது. வெளியே சாப்பிடும்போது இருவரும் சமமாக உட்காருகிறார்கள். வீட்டுக்கு வந்தால் ஒருவர் உட்காருகிறார்.

2021-ல் வந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்ற மலையாளப் படத்தில் ஒரு காட்சி. பின்னர் தமிழிலும் அந்தப் படத்தை எடுத்தார்கள். வீட்டில் சாப்பிடும்போது முருங்கைக்காய்ச் சக்கையை மேஜைமேலேயே துப்பிவைக்கும் கணவன், ஹோட்டலில் அதை நாசூக்காகத் தனித் தட்டில் வைக்கிறான். ஹோட்டலில் மட்டும் இந்த மரியாதை தெரிகிறதே என்று புதுமனைவி சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவனுக்குக் கோபம் வருகிறது. என் வீட்டில் என் இஷ்டப்படிதான் இருப்பேன் என்கிறான். அவள் மன்னிப்புக் கேட்கும் வரை விடவில்லை. படம் பார்த்த பெண்கள் பலர் சண்டைக் காட்சிகளைவிட இதை அதிகம் பேசினார்கள். அந்த எச்சில் மேஜையைத் துடைப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதையே எண்ணில் சொல்கிறது. 2024-ல் எடுத்த கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அந்த 88-ம் வீட்டு வேலை செய்யும் ஆண்களின் சராசரி மட்டுமே. அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு முப்பது பேர்கூடத் தேறவில்லை. 2019-ல் இதே கணக்கு 299, 97 என்று இருந்தது. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருப்பதைப் பார்த்து ஆண்கள் கைகொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது, அவர்களுடையதும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. மிச்சத்தை மிக்ஸியும் பார்சலும் பார்த்துக்கொண்டன போலும். பானங்கள், பதப்படுத்திய உணவு, தயார் உணவு என்ற இனத்துக்கு மட்டும் 2023-24-ல் நகரக் குடும்பச் செலவில் 11 சதவீதம் போயிருக்கிறது. சாப்பாட்டுச் செலவில் அரிசி, பால், காய்கறி எதுவும் இந்த அளவுக்கு இல்லை.

மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-ல் வெளிவந்தபோது, புதிதாகக் குடித்தனம் போகும் பெண்களின் பெட்டியில் அது இடம்பிடித்தது. டெல்லிக்கும் பம்பாய்க்கும் கணவனோடு ரயிலேறிய தமிழ்ப் பெண்களுக்குப் பக்கத்தில் மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை. புத்தகம்தான் இருந்தது. மாப்பிள்ளையின் பெட்டியில் யாரும் அதை வைத்ததாகத் தெரியவில்லை. 

2020 மார்ச் 25-ல் நாடு பூட்டப்பட்டபோது ஓட்டல்களும் மூடின. வேலைக்காரி வரவில்லை, கணவர் வெளியே போகவில்லை. வேறு வழியில்லாமல் பல ஆண்கள் சமையலறைக்குள் வந்தார்கள். காபி கலக்கத் தெரியாதவர்கள் பரோட்டா பிசைந்தார்கள். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார்கள். பரோட்டாவைவிடப் படம் நன்றாக வந்தது. ஓட்டல்கள் திறந்ததும் பெரும்பாலோர் வந்த வழியே போய்விட்டார்கள். சிலர் மட்டும் தங்கிவிட்டார்கள். தங்கியவர்களிலும் ஒரு வகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்று அறிவித்துவிட்டு, வீட்டிலிருக்கும் அத்தனை பாத்திரத்தையும் இறக்கி, வெங்காயம் உரிக்க ஒருத்தி, மசாலா எடுத்துக் கொடுக்க ஒருத்தி என்று ராஜாங்கம் நடத்துபவர்கள். பாராட்டு அவர்களுக்கு. சிங்கில் குவிந்து கிடப்பது வேறொருவருக்கு. மனைவிமார் இந்த ரகத்துக்கு எதிரிகள் அல்ல. பிரியாணி உண்மையில் நன்றாகத்தான் இருக்கிறது. வருடத்தில் மற்ற முந்நூறு நாளும் ரசம் வைக்க ஆள் வேண்டும் என்பதுதான் அவர்கள் சொல்வது.

மற்ற வகையினர் சத்தமில்லாதவர்கள். ஒருவர் சாதம் வடிக்கும்போது மற்றவர் காய் நறுக்குவார். பருப்பு யாருடைய பொறுப்பு என்று எப்போதோ பேசி முடித்திருப்பார்கள். உப்பு பார்க்க ஒரு கரண்டி நீளும், "இன்னும் கொஞ்சம்" என்று பதில் வரும். ஹோட்டலில் தட்டு மாற்றிக்கொண்டவர்கள் வீட்டில் கரண்டி மாற்றிக்கொள்கிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு வெளியே சாப்பிடுவதிலும் கூடுதல் ருசி கிடைப்பதைப் பார்க்கலாம். குழம்பில் முந்திரி அரைத்து விட்டிருக்கிறதா, பாலாடையா என்று அவர்கள் வாதாடும்போது, அரைத்துப் பார்த்த இருவரின் வாதம் அது. ஒருவர் சமைத்து மற்றவர் மதிப்பெண் போடும் வீட்டில் அந்த வாதம் வராது, புகார்தான் வரும்.

மாதுங்காவில் இப்போது பில் வந்துவிட்டது. சர்வர் வழக்கம்போல் அதை ஆண் பக்கம் வைத்துவிட்டுப் போகிறார். அவர் சில்லறை தேடுகிறார். வெளியே அடுத்த ஜோடி நாற்காலி எப்போது காலியாகும் என்று எட்டிப் பார்க்கிறது. அந்த அம்மாள் சாஸரில் கிடந்த சோம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கும்போதே, "வீட்டுக்குப் போனதும் நாளை இட்லிக்கு அரிசி நனைக்கணும்" என்கிறார். அவர் பர்ஸை மூடிக்கொண்டே, "உளுந்தை நான் நனைக்கிறேன், எவ்வளவு என்று சொல்லு" என்கிறார். அந்த அம்மாள் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, "நாலுக்கு ஒண்ணு" என்கிறார்.